மூச்சு விடாத நிரல்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த இஸ்திரிக்காரர்கூட அப்படித்தான். முதலில் அதை மரியாதை என்று நினைத்து அவள் கொஞ்சம் பூரித்துப்போனதுண்டு. போகப் போகத்தான் புரிந்தது, அது வேலையைத் தலையில் கட்டுவதற்கு வசதியான ஒரு பெயர். எந்திரம் நின்றால் அக்கா. சோப்புத்தூள் தீர்ந்தால் அக்கா. ஓட்டலிலிருந்து துண்டு குறைகிறது என்று போன் வந்தால், எடுத்தவர் பாதியிலேயே "இருங்க, அக்காகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுவார்.

ஊரிலிருந்த ஓட்டல்கள், மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள் எல்லாவற்றின் துணியும் அங்கேதான் வந்து சேரும். ஆள் உயரத்துக்குத் துவைக்கும் எந்திரங்கள், அவற்றை ஒட்டி உலர்த்திகள், அதற்கப்பால் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு உள்ளே இழுத்து மொடமொடவென்று வெளியே தள்ளும் நீண்ட சூட்டு உருளை, கடைசியில் மடிக்கும் மேசைகள். கூடம் முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டேயிருக்கும். காலையில் கருப்பு உடையில் வந்தவர்கள் மாலையில் சாம்பல் நிறத்தில் வீடு திரும்புவார்கள். கல்யாணமான புதிதில் மடிக்கும் மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள் அக்கா. கை வேகமும் யாரிடமும் பேசி வேலை வாங்கும் சாமர்த்தியமும் அவளை மேற்பார்வையாளர் ஆக்கியிருந்தன. பதவி உயர்ந்ததில் அவளுக்குக் கிடைத்த ஒரே வசதி, எல்லோரும் திட்டு வாங்கும் இடத்தில் இனி அவள் ஒருத்தி மட்டும் நின்று வாங்கலாம் என்பதுதான்.

கம்ப்யூட்டர் வந்தது அவளுடைய போதாத காலம். அதற்கு முன்பு துணியின் ஓரத்தில் வண்ண நூல் தைத்து அடையாளம் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் பெருகப் பெருக நிறங்கள் போதவில்லை. இளநீலத்துக்கும் சாம்பல் நீலத்துக்கும் இடையில் இரண்டு விடுதிகள் அடிக்கடி சண்டைக்கு வந்தன. ஒவ்வொரு துணியிலும் பார்கோடு பட்டை தைத்து, கம்ப்யூட்டரை வைத்துப் பிரிக்கலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். இதைச் செய்து தர வெளியாட்கள் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்று ஒரு நாள் எல்லோரையும் நிற்கவைத்துப் புலம்பினார். அக்கா அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"என் தம்பி கம்ப்யூட்டர் ஆபீஸ்லதான் சார் இருக்கான்" என்றாள்.

தம்பி அவளைவிட ரொம்ப இளையவன். அம்மா வேலைக்குப் போய்விடுவாள் என்பதால், அவனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, வீட்டுப்பாடம் எழுதவைத்தது, கீழே விழுந்தால் தூக்கிவிட்டது எல்லாம் அக்காதான். அவன் எதைச் செய்தாலும் அக்கா "நல்லாருக்குடா" என்று சொல்லிவிடுவாள். அதைக் கேட்டு வளர்ந்த பழக்கம் அவனை விடவில்லை. வளர்ந்து, படித்து, நல்ல நிறுவனத்தில் சேர்ந்த பிறகும், தான் செய்தது நன்றாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவனுக்கு மாறவே இல்லை.

ஒரு விடுமுறை நாளில் வந்தான். மேனேஜர் அறையில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மடிக்கும் மேசைக்குப் பக்கத்தில் வைத்தான். சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டினான். பட்டையை ஸ்கேனரில் காட்டினால் திரை முழுக்க ஒரு நிறம் வரும், மூலையில் சின்ன எழுத்தில் வாடிக்கையாளர் பெயர் இருக்கும். அந்த நிறத்துத் தள்ளுவண்டியில் துணியைப் போட வேண்டும், அவ்வளவுதான். இதற்கான நிரலை ஒரே உட்காரலில் எழுதி முடித்து, பாசத்தோடு அதற்கு 'அக்கா' என்று பெயரும் வைத்தான். சாப்பாட்டைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் கிளம்பிப் போனான். மேனேஜர் பாராட்டினார். இஸ்திரிக்காரர் திரையின் முன் நின்று தன் கைக்குட்டையைக் காட்டிப் பார்த்தார். அக்காவுக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வெயில் ஏறும்வரை நீடித்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் விசிறி, பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதுபோல உறுமத் தொடங்கியது. துணி வந்தாலும் உறுமியது, வராவிட்டாலும் உறுமியது. எல்லோரும் சாப்பிடப் போய் மேசை காலியாகக் கிடக்கும்போதும் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியின் மேல் கையை வைத்தால் சுட்டது. பிறகு திரை தடுமாற ஆரம்பித்தது. நிறம் மாறத் தாமதமானால் மடிக்கும் பெண்கள் பட்டையை மறுபடி காட்டினார்கள். அப்படியும் மாறாவிட்டால் யாராவது போய்க் கம்ப்யூட்டரில் நிரலைத் தொடங்கும் சின்னப் படத்தை மறுபடி அழுத்தினார்கள். அழுத்தியதும் இன்னும் மெதுவானது. கடைசியில் மத்தியானம் ஆனால் போதும், பெட்டி தானாகவே அணைந்தது. மடித்த துணி மலையாகக் குவிந்தது. அக்கா போய்ப் பட்டைகளின் கீழே அச்சடித்த எண்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் படித்து, பிரித்துப் போட்டு, வண்டியை அனுப்ப வேண்டியிருந்தது.

மேனேஜர் ஒவ்வொரு முறையும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார். "உன் தம்பி செஞ்சதுதானேம்மா. நீயே பாத்துக்க."

தம்பிக்குப் போன் செய்தாள். அவன் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னான். மறுபடி செய்தாள். சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னான். ஒருவழியாகப் பிடித்துவிட்டபோது, விசிறிச் சத்தத்தைக் கேட்கட்டும் என்று போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"அக்கா, என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது" என்றான் அவன். "உங்க பெட்டி பழசு. புதுசு வாங்கச் சொல்லு."

அந்த ஒரு வாக்கியத்தை அவன் அடுத்த சில வாரங்களில் எத்தனை விதமாகச் சொன்னான் என்பது அவளுக்கு மனப்பாடம். கனிவாகச் சொன்னான். அலுப்போடு சொன்னான். யாரோ பக்கத்தில் சிரிக்கும்போது, தானும் லேசாகச் சிரித்தபடி சொன்னான். புதிது வாங்குவதைப் பற்றி மேனேஜரிடம் எடுத்தால், அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, வராத மழையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

வீட்டுக்கு வந்து புலம்பியதுதான் அவள் செய்த அடுத்த தப்பு. அவள் கணவர் குளிர்ப்பெட்டியும் ஏசியும் பழுது பார்ப்பவர். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையும் சூட்டில் தொடங்கிக் காற்றில் முடிகிறது என்று உறுதியாக நம்புகிறவர். மனைவி சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சூடுன்னா காத்து வேணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அடுத்த நாள் காலையிலேயே கருவிப்பையோடு சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். வீட்டிலிருந்த மேசை விசிறியைக் கொண்டுவந்து அதற்கு நேராக வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டார். பஞ்சு பறக்கும் கூடம் அது. விசிறி அந்தப் பஞ்சையெல்லாம் வாரிச் சுருட்டி, நேராகப் பெட்டியின் வயிற்றுக்குள் ஊதியது. மூன்றாம் நாள் உள்ளே எட்டிப் பார்த்தால், அங்கே ஒரு சின்னத் தலையணையே இருந்தது. பெட்டி இப்போது மத்தியானத்துக்குக்கூடக் காத்திருக்காமல் காலையிலேயே அணைந்தது. கணவர் தளரவில்லை. காற்று வருகிற பக்கம் தப்பு, சுவரில் ஒரு ஓட்டை போட்டால் சரியாகிவிடும் என்றார்.

"சுவத்துல கை வச்சீங்கன்னா நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் அக்கா. அப்புறம்தான் அவர் ஓட்டை போடும் எந்திரத்தைப் பைக்குள் வைத்தார். ஆனால் வீட்டு மேசை விசிறி சலவைக்கூடத்திலேயே தங்கிவிட்டது. வீட்டில் அவள் வியர்வையில் புரண்டுகொண்டிருக்க, அது அங்கே ஒரு பெட்டிக்குப் பஞ்சு ஊட்டிக்கொண்டிருந்தது என்பதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நொந்துபோய், அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரைக் கூட்டிவந்தாள். அவர் பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிற ஆள். முதலில் மேசை விசிறியை அணைத்தார். தூரிகையால் பஞ்சை வழித்தெடுத்து, தூசி உறிஞ்சும் கருவியால் மிச்சத்தை இழுத்து, தகட்டைத் திரும்ப மாட்டிப் பெட்டியை இயக்கினார். நிரலைத் தொடங்கியதுமே உறுமல் மறுபடி ஆரம்பித்தது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து அதைக் கேட்டார். பிறகு எதையோ அழுத்தி ஒரு பட்டியலைத் திரையில் கொண்டுவந்தார். எந்த நிரல் எவ்வளவு பிராசசரை எடுத்துக்கொள்கிறது என்று அதில் தெரியும் என்றார்.

பட்டியலின் உச்சியில் 'அக்கா' என்று இருந்தது. பிராசசரில் பாதியை அது ஒன்றே எடுத்துக்கொண்டிருந்தது. மடிக்கும் பெண் ஒருத்தி, திரை மாறவில்லையே என்று அப்போதுதான் நிரலின் படத்தை மறுபடி அழுத்திவிட்டுப் போயிருந்தாள். பட்டியலில் இன்னொரு 'அக்கா' முளைத்தது. மீதிப் பாதியையும் அது எடுத்துக்கொண்டது. மொத்தம் நூறு சதவீதம்.

"விசிறி மேல தப்பில்லம்மா" என்றார் அவர். "உள்ள ஒண்ணு நிக்காம ஓடிட்டே இருக்கு. பழைய பெட்டி, இத தாங்காது. எழுதினவரப் பாக்கச் சொல்லுங்க."

ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் புதிதாக ஒன்று தொடங்கிவிடுகிறது, பழையது திரைக்குப் பின்னால் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் அவர்தான் காட்டினார். இஸ்திரிக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பட்டியலைப் படித்துவிட்டு, "ஒரு அக்காவையே சமாளிக்க முடியல" என்று முணுமுணுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தப் பட்டியலைப் போனில் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் சின்னப் படம் ஒன்று பதிலாக வந்தது.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. பல வருடமாக அவன் மேல் எழாத கோபம் எழுந்தது. அன்று மாலையே அவனைக் கூப்பிட்டாள். அவன் வாயைத் திறக்கும் முன்பே பேசிவிட்டாள்.

"நீ சனிக்கிழமை இங்க வர்ற. எனக்கு அறிவுரை வேணாம், நீ வேணும். வரலன்னா, நீ எழுதினத நான் அழிச்சிட்டு மறுபடி நூல் தச்சுக்கிறேன். அப்புறம் நீ யார்கிட்டயும் எங்கக்கா ஆபீசுக்கு நான்தான் செஞ்சு குடுத்தேன்னு சொல்லக்கூடாது."

அவன் அதை நிறையப் பேரிடம் சொல்லியிருந்தான் போலும். சனிக்கிழமை வந்தான்.

அவனை அவள் ஏசி இருக்கும் மேனேஜர் அறையில் உட்காரவைக்கவில்லை. மடிக்கும் மேசைக்கும் சூட்டு உருளைக்கும் நடுவில், பெட்டிக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியில் பஞ்சு உட்கார்ந்தது. ஐந்து பேர் அவனிடம் ஐந்து விதமாகப் புகார் சொன்னார்கள். பெட்டி அவன் கண் முன்னாலேயே ஒருமுறை அணைந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

நிரலைத் திறந்து படிக்க ஆரம்பித்தான். அக்கா பின்னால் நின்றுகொண்டாள். அவளுக்கு அந்த எழுத்துகள் புரியாது. ஆனால் தம்பியின் பிடரி புரியும். தப்பாகக் கூட்டிய கணக்கைச் சிறு வயதில் தானே கண்டுபிடித்துவிட்டால் அவன் கழுத்து கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்போதும் இழுத்துக்கொண்டது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுடா."

அவன் திரும்பாமலே சொன்னான். ஸ்கேனர் ஒரு கோப்பில் பட்டையின் எண்ணை எழுதுகிறது. ஏதாவது வந்திருக்கிறதா என்று நிரல் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிறது. வந்திருந்தால் நிறத்தைக் காட்டும். வராவிட்டால் மறுபடி பார்க்கும். மறுபடி, மறுபடி, முடிவே இல்லாமல். ஒரு தடவை பார்த்ததற்கும் அடுத்த தடவை பார்ப்பதற்கும் நடுவில் கொஞ்சம் பொறு என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதனால் துணி வந்தாலும் வராவிட்டாலும், ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை அது அந்தக் கோப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அவனுடைய கம்ப்யூட்டரின் பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதிகள் நிறைய. அதில் ஒன்று இப்படி வீணாய்ப் போனது அவனுக்குத் தெரியவே இல்லை. இந்தப் பழைய பெட்டிக்கு இருப்பதே இரண்டுதான்.

அக்கா குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒரு வரியா?"

"ஆமா."

"இத்தன நாளா நான் மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது, உங்க மாமா விசிறியத் தூக்கிட்டு அலைஞ்சது, தினமும் நான் கண்ணு வலிக்கப் பட்டை படிச்சது, எல்லாம் ஒரே ஒரு வரிக்காகவா?"

அவன் மூக்கு நுனிப் பஞ்சைத் துடைத்துக்கொண்டான். அந்த வரியை எழுதினான். அப்போதும் அவனுடைய பழைய குணம் போகவில்லை. பொறுக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்று யோசிக்காமல், நன்றாகவே ஓய்வெடுக்கட்டும் என்று ஐந்து நொடி போட்டான். விசிறி சட்டென்று அடங்கியது. பட்டியலில் 'அக்கா' கீழே, கண்ணுக்கே தெரியாத இடத்துக்கு இறங்கியது. தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். நண்பன் ஒருவன் காத்திருப்பதாகச் சொல்லி, சட்டையைத் தட்டிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

மேசைப் பக்கம் அமைதியானது. அக்கா சந்தோஷப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு மதியம் அவள் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஓட்டலிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல எடுத்தவர் அக்காவிடம் நீட்டினார். ஓட்டலின் அறைப் பராமரிப்புத் தலைவி, சாதாரணமாகவே குரலை உயர்த்தாத அம்மாள். அன்று ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பல்லால் கடித்துத் துப்பினாள். விலை உயர்ந்த அறையில் தங்கியிருக்கும் பெரியவர் ஒருவர் குளித்துவிட்டு, அலமாரியிலிருந்த அங்கியை எடுத்து அணிந்துகொண்டு, காலைச் சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்திருக்கிறார். அது குளியல் அங்கி இல்லை. மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குப் போட்டுவிடுவது. முன்பக்கம் கழுத்துவரை மூடியிருக்கும். பின்பக்கம் இரண்டு நாடா மட்டும்தான். மண்டபத்தின் நடுவில் வரும்வரை அவருக்கு அது தெரியவில்லை.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் மருத்துவமனையிலிருந்து அடுத்த போன் வந்தது. நோயாளிகளின் கட்டில்களுக்குப் பூவேலை செய்த மேசைத் துணிகள் வந்திருக்கின்றனவாம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதுமாயிருந்தது. மடிக்கும் பெண்கள் துணியைக் காட்டிவிட்டு நிமிர்ந்து திரையைப் பார்ப்பார்கள். நிரல் ஐந்து நொடிக்கு ஒருமுறைதான் கண் விழிக்கும் என்பதால், திரையில் முந்தின துணியின் நிறமே இருக்கும். மூலையிலிருக்கும் பெயரை யார் படிப்பது? நிறத்தைப் பார்ப்பார்கள், போடுவார்கள், அடுத்ததை எடுப்பார்கள். இப்படியே சனிக்கிழமை மத்தியானம் முழுக்க, ஒவ்வொரு துணியும் தனக்கு முன்னால் வந்த துணியின் வண்டிக்குப் போயிருந்தது.

மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். சாத்தியதால் ஒன்றும் குறையவில்லை, வெளியே எல்லோருக்கும் கேட்டது. அவர் தன் வாழ்க்கையில் அனுபவிக்காத அவமானம் என்றார். தம்பியைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது. அவள் சனிக்கிழமைவரை அதையேதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றாலும், வேறொருவர் வாயிலிருந்து அது வரும்போது தாங்க முடியவில்லை.

வெளியே வந்து தம்பியைக் கூப்பிட்டாள். இந்த முறை கத்தவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள். பெரியவர் மண்டபத்துக்கு நடந்துபோன இடத்தில் அவன் சிரித்துவிடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"நான் இப்பவே வர்றேன்க்கா" என்றான். லீவு போட்டுவிட்டு வந்தான்.

அன்று அவன் முதலில் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மடிக்கும் மேசையில் போய் நின்றான். அங்கே இருப்பவர்களிலேயே வேகமாக மடிக்கும் பெண்ணிடம் நாலு துணியைக் காட்டச் சொல்லிப் பார்த்தான். அவள் கை ஒரு துணியை விட்டு அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனித்தான். பிறகுதான் உட்கார்ந்தான். பொறுக்கும் நேரத்தை ஒரு நொடி ஆக்கினான். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். அரை நொடி ஆக்கினான். துணியைக் காட்டிவிட்டுத் தான் தலை நிமிர்வதற்குள் நிறம் வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றாள் அவள். நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று மாற்றினான். இப்போது அவள் ஒன்றும் சொல்லாமல் மடித்துக்கொண்டே போனாள். அதைவிடப் பெரிய சான்றிதழ் அவளிடமிருந்து யாருக்கும் கிடைத்ததில்லை.

அக்கா பட்டியலை எட்டிப் பார்த்தாள். ஐந்து நொடிக்கும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் பிராசசரில் வித்தியாசம் ஏதோ இரண்டு மூன்று சதவீதம்தான் இருந்தது.

"அப்ப அன்னிக்கே இதப் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம்" என்றான் தம்பி. கொஞ்சம் பொறுத்து, "நான் மேசையப் பாக்கல. பெட்டிய மட்டும்தான் பாத்தேன்" என்றான்.

அவன் இப்படி ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டதே இல்லை. நல்லாருக்குடா என்று சொல்ல வாயெடுத்தவள், வேண்டாம் என்று அடக்கிக்கொண்டாள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

டீயைக் குடித்துவிட்டு அவன் இன்னொன்றும் செய்தான். நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது அதன் படத்தை மறுபடி அழுத்தினால், புதிதாக ஒன்று தொடங்காமல், 'அக்கா ஏற்கெனவே வேலையில்தான் இருக்கிறாள்' என்று திரையில் ஒரு வரி வரும்படி செய்தான். இஸ்திரிக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அதைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்று சிலமுறை அழுத்தினார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு பெட்டி அணையவில்லை. விசிறி ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டால்தான் தெரிந்தது. அந்த உறுமல் போனதும்தான் வேறொரு சத்தம் வெளியே வந்தது. மூன்றாவது உலர்த்தி, சுற்றுக்கு ஒருமுறை பூனை மிதிபட்ட மாதிரி கத்திக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகக் கத்தியதோ, யாருக்குத் தெரியும். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஆளாளுக்கு ஒரு பெருமை கிடைத்தது. கணவர், தான் வைத்த விசிறியால்தான் பெட்டியின் உள்சூடு நிரந்தரமாகக் குறைந்தது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். மேசை விசிறியை அவள் வீட்டுக்குத் தூக்கிவந்த அன்று அவர் கொஞ்சம் வருத்தப்பட்டதும் உண்மை. தம்பி தன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதாகக் கேள்வி. அதில் தப்பு செய்தவன் யார் என்பதை எப்படிச் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை. மேனேஜர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஓட்டல் பெரியவருக்குப் பழக்கூடை ஒன்று அனுப்பினார், அதோடு விஷயத்தை விட்டார்.

ஒரு நாள் அவர் மேசைப் பக்கம் வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அக்கா அந்தப் பட்டியலைத் திரையின் ஓரத்தில் திறந்தே வைத்திருப்பது வழக்கமாகியிருந்தது. அவர் குனிந்து அதைப் படித்தார்.

"என்னம்மா, மூணு சதவீதம்னு போட்டிருக்கு. அப்ப மிச்சமெல்லாம் சும்மாவா இருக்கு?"

"ஆமா சார்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. அந்த வெளிச்சத்தை அவள் பல வருடமாக அறிவாள். வாசல் கேமராவின் பதிவை இதிலேயே போட்டுவிடலாம் என்றார். சம்பளக் கணக்கும் இதிலேயே ஓடட்டும் என்றார். கூடத்தில் பாட்டுக்கூட இதிலிருந்தே போடலாமே, இவ்வளவு பெரிய பெட்டி சும்மா உட்கார்ந்து என்ன செய்யப்போகிறது என்றார். பேசப் பேச அவருக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போனது. மடிக்கும் பெண்கள் கையை நிறுத்தி அக்காவைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் அவள் வழக்கமாக "சரி சார்" என்பாள்.

"வேணாம் சார்" என்றாள் அக்கா.

அவர் தன் காதில் சரியாக விழவில்லை என்பதுபோல நின்றார்.

"அது சும்மா இல்ல சார். துணிக்காகக் காத்துக்கிட்டிருக்கு. காத்துக்கிட்டிருந்தாத்தான் வந்த உடனே காட்டும். நீங்க சொன்னதெல்லாம் போட்டா மறுபடி அந்தப் பெரியவருக்கு நாடா வச்ச அங்கிதான் போகும். போனையும் நீங்களே எடுக்கணும். நான் எடுக்கமாட்டேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் துவைக்கும் எந்திரங்கள் அப்போது நின்றிருந்ததால் உருளைவரை கேட்டது. மேனேஜர் பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போய், அறையில் தனக்குப் போன் அடிப்பதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். போன் அடிக்கவில்லை.

அவர் பின்னாலேயே ஓடி, மன்னிச்சிக்குங்க சார் என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டாள். ஸ்கேனருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலித்த குதிகாலை அழுத்திவிட்டுக்கொண்டாள். உருளையில் ஒரு விரிப்பு ஓடி முடியப்போகிற நேரத்தில் யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள்.

"வர்றேன், இரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தாள்.